நீலச்சுறாவாகக் குதித்த ஆள்

— முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம். தம்பிராசா, இந்தக் கடையில ஒன்ட பேர்ல நிக்கிற காசு அது.

— தெரியும் முதலாளி. அதைச் சொல்லத்தானோ ஆள் விட்டுக் கூப்பிட்டனீங்கள்? அங்கை கப்பல்லை மா மூட்டை பாதி இறக்கினபடி கிடக்கு. வயித்துக்குத்து எண்டு கங்காணியிட்டைப் பொய் சொல்லிப்போட்டு வந்தனான்.

— இரி. கதிரையில இரியாத, மா ஒட்டும். அந்தக் கயித்துச் சுருள்ல இரி. காசு கேக்கக் கூப்பிடல்ல. அந்தக் காசை இண்டைக்கே வெட்டிவிடுறன் எண்டு சொல்லத்தான் கூப்பிட்டன்.

— முழுக்கவோ?

— முழுக்க. போன கார்த்திகைச் சூறாவளிக்குப் பிறகு ஈச்சிலம்பற்றில ஒன்ட மாமியார்ர ஊட்டுக்கு ஏத்தின தகரம் அத்தினையும் சும்மா. ஆணியும் சும்மா.

— அபூதாஹிர் முதலாளி வளைஞ்ச ஆணியையும் நிமித்தித்தான் விப்பார் எண்டு துறைமுகம் முழுக்கக் கதை. அப்பிடிப்பட்ட ஆள் சும்மா எண்டு சொன்னால் எனக்கு மெய்யாவே வயித்துக்குத்து வருகுது. என்ன சங்கதி?

— சங்கதி நம்மட படம்தான்.

— நீலச்சுறாவோ? நான் ஆயத்தம். நங்கூரன்ர வசனம் முழுக்கப் பாடம். கேளுங்கோவன். "அடே நீலச்சுறா! கடல் உனக்குச் சொந்தமென்றால் கடலின் அடி எனக்குச் சொந்தமடா! நீ நீந்துகிறவன், நான் கிடக்கிறவன். நான் கிடந்தால்தான் கப்பல் நிற்கும்! என் கூலியை..."

— கத்தாதடா! றோட்டால போறவன் கடைக்குள்ள கொலை விழுந்திட்டெண்டு நினைப்பான்.

— இன்னும் ரெண்டு வரி இருக்கு.

— அதை ஊட்ட கொண்டுபோய் வெச்சிக்கொள். நீ இனி நங்கூரன் இல்ல.

— ஆ?

— நீதான் இனி நீலச்சுறா! ஏன்டா அப்பிடி முழிக்கிறாய்? வில்லனை எடுத்திட்டுக் கதாநாயகனைத் தாறன். கடனையும் வெட்டுறன். வேற ஒருத்தன் எண்டா எழும்பி ஆடுவான்.

— அப்ப உங்கட மருமகப் பொடியன் ஸெய்னுதீன்? அவர்தானே நீலச்சுறா?

— அவனும் நீலச்சுறாதான். வடிவாக் கேள். கதையில நீலச்சுறா ஆரு? பகல்ல சுங்கக் கந்தோர்ல கிளாக்கர். கப்பல் ஊதினா முகமூடியப் போட்டுக்கொண்டு கடல்ல பாயிற வீரன். வாரப் பத்திரிகையிட பின்பக்கத்தில ரெண்டு வருசமா அந்தப் படக்கதை வருகுது. சின்னன் பெரிசு எல்லாம் பாக்கிறதுதானே?

— பாக்கிறதோ? நான் எழுத்துக் கூட்டப் பழகினதே அதிலைதான். ஆளுகளின்ர வாய்க்கு மேலை முட்டை மாதிரி வட்டம் கீறி எழுத்துப் போட்டிருக்கும். ஒரு முட்டை வாசிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. இப்ப ஒரே நாளிலை பக்கம் முடியும்.

— அப்ப ஒனக்கு விளங்கும். அந்தக் கிளாக்கர் நம்மட ஸெய்னுதீன். மெய்யாவே வங்கியில கிளாக்கர், நடிக்கவும் தேவையில்ல. முகமூடி ஏறினாப் பிறகு நீ. முகம் அவன்ட, உடம்பு ஒன்ட. சனம் ரெண்டும் ஒரு ஆளெண்டு நினைக்கும். சினிமா எண்டா அதான்டா.

— ஏன், முகமூடியைப் போட்டுக்கொண்டு அவரே பாயட்டுமேன்.

— ஸெய்னுதீனா? அவன்ட மூஞ்சிக்கு ஒரு குறையுமில்ல. என்ட மூத்த றாத்தா பால் ஊத்தி வளத்த மகன். ஆனாத் தண்ணியக் கண்டா ஆட்டுக்குட்டி. முந்தநாள் வள்ளம் கட்டுற பழைய ஜெட்டியில நிப்பாட்டினம். டைரக்டர் "குதி" எண்டார். இவன் "தலைமயிர் நனையுமே" எண்டான். மறுகா "வெயில் ஏறட்டும்" எண்டான். வெயில் ஏறின மறுகா "கண் கூசுது" எண்டான். ரெண்டு சுருள் பிலிம் ஓடிச்சு தம்பிராசா, கொழும்பிலயிருந்து கொண்டு வந்த பிலிம். அதில ஒரு காகம் மட்டும் வடிவாப் பறக்குது.

— நானும் கேள்விப்பட்டனான். ஜெட்டியிலை நிண்ட பொடியள் "சுறா கருவாடாப் போச்சு" எண்டு கத்தினவங்களாம்.

— சிரி, சிரி. டைரக்டர் அண்டைக்கே பெட்டி கட்டிட்டார். படம் வேணாம், கமெராவக் கொண்டு போறன் எண்டு. நான் லொறிய வித்துப் போட்ட காசு தம்பிராசா. என்ட பொஞ்சாதி உம்மு குல்சுமுக்கு இன்னும் சொல்லல்ல, லொறி திருத்தக் குடுத்துக் கராச்சில நிக்கிது எண்டுதான் அவ நினைச்சிக்கொண்டிரிக்கிற. மறுகாத்தான் அல்லாஹ் கண் திறந்தான். நேத்து விடியப்பறம் டைரக்டர் ரெஸ்ற் ஹவுஸிலயிருந்து கடக்கரையால நடந்து வந்திரிக்கார். பழைய ஜெட்டிக்கு மேல ஆரு நிக்கிற?

— ஆர்?

— நீலச்சுறா! நீலச் சட்டை, தோளில சிறகுத் துணி, முகமூடி, எல்லாத்தோடயும். ஜெட்டி முழுக்க ஓடி, நுனியில கால் வெச்சு, அப்பிடியே தலைகீழாப் பாஞ்சிரிக்கான். கத்தி மாதிரிப் போனானாம், தண்ணி கூடச் சிதறல்லயாம். அங்கால கட்டிக் கிடந்த வள்ளம் வரைக்கும் போய்த் தொட்டுத் திரும்பினானாம். டைரக்டர் "டேய், நில்லுடா!" எண்டு கத்த, ஆள் ஜெட்டிக்குக் கீழால பூந்து மறைஞ்சிட்டான். விடிஞ்ச கையோட டைரக்டர் எனக்கிட்ட ஓடி வந்தார். "முதலாளி, படக்கதையில இருந்து இறங்கி வந்த மாதிரி இரிந்திச்சு. அந்த உடம்பு வேணும். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள ஆளைத் தந்தீங்க எண்டா நிக்கிறன். இல்லாட்டி இரவு மெயில் ரயில்ல போறன்" எண்டார்.

— அதுக்கு என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?

— நடிக்காத! அந்த உடுப்பு எங்க இரிந்த? ஒன்ட ஊட்ட. தைச்சது ஆரு? ஒன்ட பொஞ்சாதி புஷ்பவதி. வேற ஆருக்கு அது கையில கிடைக்கும்? அந்த ஆள் நீதான்.

— நான் இல்லை.

— நீதான்டா.

— முதலாளி, இந்த உடம்பைப் பாருங்கோ. இருவது வருஷமா மூட்டை ஏறி இறங்கின உடம்பு. இது கத்தியோ? இது விழுந்தால் ஜெட்டியும் சேந்து விழும்.

— இருட்டில ஒல்லியாத் தெரிஞ்சிரிக்கும். சரி, வெக்கமா இரிக்குதெண்டா நீ எண்டு சொல்ல வேணாம். பின்னேரம் வந்து ஒரு பாய்ச்சல் பாஞ்சு காட்டு, போதும்.

— எனக்கு வேண்டாம் முதலாளி. நங்கூரனே இருக்கட்டும். வெத்திலை வாங்கிப்போட்டன்.

— என்ன வெத்திலை?

— நீங்கள் தந்த வெத்திலை. போன மாசம் இதே இடத்திலை, இந்தத் தராசடியிலை நிண்டு "தம்பிராசா, நீதான் நங்கூரன்" எண்டு சொல்லி வெத்திலை நீட்டினனீங்கள். ரெண்டு கையாலையும் வாங்கினனான்.

— யா அல்லாஹ்! நான் வெத்திலை போடேக்குள்ள நீ என்ட வாயப் பாத்துக்கொண்டு நிண்டாய். பாவம் எண்டு ஒண்டு நீட்டினன்!

— எங்கட பக்கத்திலை கூத்துக்கு ஆள் எடுக்கேக்கை அண்ணாவியார் வெத்திலை வைச்சுத்தான் வேஷம் குடுக்கிறவர். சட்டம் குடுக்கிறது எண்டு அதுக்குப் பேர். வாங்கினவன் கூத்து முடியுமட்டும் மாற ஏலாது. அதுதான் நான் உங்கட வெத்திலையைச் சப்பேல்லை. வெருகலுக்குக் கொண்டு போய்ச் சாமிக்கு முன்னாலை வைச்சுக் கும்பிட்டுப்போட்டு வந்தனான்.

— கடை வெத்திலையையா? சுண்ணாம்பு தடவினதையா?

— சுண்ணாம்பைத் துடைச்சுப்போட்டுத்தான் வைச்சனான். அண்டையிலை இருந்து எங்கடை வீட்டிலை மீன் மச்சம் இல்லை. புஸ்பத்தின்ர தம்பி சித்திரவேல் நாலு நாளா வந்து நிக்கிறான், அவனுக்கும் கீரைதான்.

— வில்லன் வேஷத்துக்காடா விரதம்? சினிமாவில அடி வாங்கிறவன்டா அவன். சனம் காறித் துப்பும்.

— அது சினிமாக்காரர்ர கணக்கு. எங்கடை கூத்திலை ஆகப் பெரிய முடி அரக்கராசனுக்குத்தான். அதின்ர பாரம் தாங்கிற கழுத்தும், ஊர் கடைசி வரைக்கும் கேக்கிற தொண்டையும் உள்ளவனுக்குத்தான் அதைக் குடுப்பினம். இளவரசன் வேஷம் ஆருக்கெண்டாலும் சரி, மீசை முளையாதவனெண்டால் போதும்.

— ஓ! அப்ப நான் ஒன்னைக் கூட்டிக் கழிச்சுப் பெரியாள் ஆக்கினது எண்டு நினைக்க, நீ கீழ இறக்கினது எண்டு நினைக்கிறாய்.

— உள்ளதைச் சொல்லுறன். இன்னும் ஒண்டு. நங்கூரனை ஒருத்தரும் சரியாப் பாக்கேல்லை. அவன்ர ஒத்தைக்கண் எப்பிடிப் போனது? மூட்டை இழுக்கிற கொழுவி பட்டுப் போனது. அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தனான். அவன் எங்கடை ஆள் முதலாளி, நாட்டாமை வேலை செய்தவன், மூட்டை தூக்கினவன். கப்பல்காரன் கூலி குடுக்காமல் ஏமாத்தினபடியாத்தான் நங்கூரத்தைத் தூக்கித் தோளிலை போட்டான். உங்கட டைரக்டர் என்னெண்டால், வசனத்துக்கு வசனம் ஹா ஹா எண்டு சிரி எண்டுறார். கூலி கிடையாதவன் என்னத்துக்குச் சிரிக்கிறது?

— மறுகா எப்பத்தான் சிரிப்பாய்?

— ஒரேயொரு தரம். கடைசியிலை அந்தக் கூலிக்காசு கையிலை விழேக்கை. மெல்லமா, பல்லுத் தெரியாமல். அப்ப சனம் அழும், பாருங்கோ.

— நான் ஊதுகுழலும் கடலையும் விக்கலாம் எண்டு இரிக்கன், இவன் சனத்தை அழவைக்கப் போறானாம்! கேளுடா தம்பிராசா. இந்த ஊரில எந்தப் பொடியனக் கேட்டாலும் நீலச்சுறாவாகத்தான் வரப் பாப்பான். ஒனக்கு மட்டும் ஏன் அது கசக்குது?

— முகமூடி.

— என்ன?

— நீலச்சுறாவுக்கு முகமூடி. நங்கூரனுக்கு முகம். கேளுங்கோவன் முதலாளி. நான் உங்களிட்டை எத்தினை வருஷமாச் சீமெந்து இறக்கிறன்? ஆனால் ஒருநாள் குளிச்சு வெள்ளைச் சட்டையோடை கடைக்கு வர, "என்ன வேணும், ஆர் நீங்க?" எண்டு கேட்டனீங்கள்.

— அது... கண்ணாடி போடாம இரிந்திரிப்பன்.

— கோவிக்கேல்லை. மூட்டை முதுகிலை இருந்தால் ஆளின்ர தலை நிலத்தைப் பாத்தபடிதானே. எங்கடை கால்களைத்தான் ஊருக்குத் தெரியும். நங்கூரன்ர முகத்தைத் தியேட்டர் சுவர் அளவுக்குக் காட்டுவினம் எண்டு அண்டைக்கு டைரக்டர் சொன்னார். மூக்கே வாசல்கதவு அளவு வருமாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் மீனை விட்டது. என்ர கலியாணத்துக்கு வராத சனம் ஈச்சிலம்பற்றிலை இருக்கு. மூட்டை தூக்கிறவனுக்கோ எங்கடை பொம்பிளை எண்டு கேட்டவங்கள். தகரத்துக்கு மட்டும் கை நீட்டினவங்கள். அவங்கள் ட்ரக்டர் பிடிச்சு வந்து கதிரையிலை இருந்து என்ர முகத்தை அண்ணாந்து பாக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். கடனை வெட்டாதேங்கோ. கிழமைக்கு அஞ்சு ரூபாப்படி தந்து முடிக்கிறன்.

— தம்பிராசா... நல்லாத்தான் சொல்றாய். நான் இல்லை எண்டு சொல்லல்ல. ஆனா பின்னேரம் ஆள் வராட்டி டைரக்டர் மெயில் ஏறுவார். மறுகா நீலச்சுறாவும் இல்ல, நங்கூரனும் இல்ல, ஒன்ட மூக்கும் இல்ல. ஒண்டு செய்வம். ரெண்டும் நீயே செய். ஒரு நாள் நங்கூரன், ஒரு நாள் நீலச்சுறா.

— கடைசிச் சண்டையிலை?

— அதில என்ன?

— நீலச்சுறா நங்கூரனை ஜெட்டியாலை தள்ளி விழுத்திப்போட்டு, பிறகு தானே பாஞ்சு அவனைக் காப்பாத்திக் கரைக்குக் கொண்டு வாறான். என்னை நானே தள்ளி, என்னை நானே இழுத்துக்கொண்டு வாறதோ?

— அது கமெராக்காரன்ட பாடு. நீ பாயிறதை மட்டும் பாய்.

— ஏலாது முதலாளி.

— மறுகாவும் ஏலாதா! வெத்திலைக்கு நான் ஒன்ட கோயில்லயே வந்து மன்னிப்புக் கேக்கிறன்டா!

— வெத்திலை இல்லை. கதவைக் கொஞ்சம் சாத்துங்கோ. இல்லாட்டிக் கிட்ட வாங்கோ.

— வந்தாச்சு. சொல்லு.

— எனக்கு நீந்தத் தெரியாது.

— என்ன கதை இது? தண்ணிக்கு மேலயே சீவியம் நடத்திறவன் நீ!

— தண்ணிக்கு மேலைதான், உள்ளுக்கை இல்லையே. கப்பலுக்கும் கரைக்கும் நடுவிலை போட்ட பலகையிலை மூட்டையோடை நடக்கேக்கை, ஒவ்வொரு அடிக்கும் கந்தசாமியாரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் நடக்கிறனான். எங்கடை கூட்டத்திலை பாதிப் பேருக்குத் தெரியாது. சொன்னால் கங்காணி கப்பல் வேலை தரமாட்டான், கரை வேலைக்குத் தள்ளுவான். கூலி பாதி. உங்கடை வாயாலை இது வெளியிலை போகக்கூடாது.

— வல்லாஹி, போகாது. அப்ப ஜெட்டியால ஒன்னைத் தள்ளி விழுத்திற கட்டம்? அதுக்கு எப்பிடி ஓமெண்டாய்?

— முகத்துக்காகத்தான். விழுறது எப்பிடியும் விழலாம். மிச்சத்தைப் பிறகு யோசிப்பம் எண்டு விட்டனான்.

— யோசிக்கக் கூடிய மிச்சமா அது! சரி, ஒனக்கு நீந்தத் தெரியாதெண்டா, நேத்துப் பாஞ்சது ஆரு? ஊட்ட வேற ஆம்பிள ஆரு இரிக்கி?

— அதைக் கேக்காதேங்கோ.

— சித்திரவேல்! ஒன்ட மச்சான்! அவன் வெருகல் ஆத்தில பிறந்து வளந்தவனாச்சே!

— அவனாத்தான் இருக்கவேணும். வந்தது பல்லுப் பிடுங்க எண்டு சொல்லிக்கொண்டு. நேத்து விடிய எழும்பிப் பாக்கிறன், உடுப்பு வேலியிலை தொங்குது, தண்ணி சொட்டச் சொட்ட. கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

— அல்ஹம்துலில்லாஹ்! முடிஞ்சிது பிரச்சினை! ஓடு, அவனைக் கூட்டிக்கொண்டு வா.

— மாட்டன்.

— டேய்!

— முதலாளி, யோசிச்சுப் பாருங்கோ. ஈச்சிலம்பற்றுச் சனம் முழுக்க முன் கதிரையிலை. திரையிலை என்ர முகம். அதுக்கு அவையின்ர பொடியன் வந்து அடிக்கிறான், தள்ளுறான், பிறகு நாய்க்குட்டி மாதிரி மயிரிலை பிடிச்சுக் கரைக்கு இழுக்கிறான். முகமூடி எண்டாலும் அவன் வாய் மூடிக்கொண்டு இருப்பானோ? ஊர் முழுக்கச் சொல்லுவான். அதைவிட நான் கீரையோடை செத்துப்போறன்.

— கொஞ்சம் இறங்கி வாடா. என்ட லொறியப் பாரு. என்ட உம்மு குல்சுமுட வாயப் பாரு.

— நானா! அபூதாஹிர் நானா! கடையில இரிக்கிறீங்களா?

— ஆரது? வா தங்கச்சி, வா. தம்பிராசா, ஒன்ட புஷ்பவதி. நல்ல நேரத்துக்கு வந்தாய்.

— புஸ்பம், நீ ஏன் இஞ்சை?

— உடுப்பு முடிஞ்சிது, குடுக்க வந்த. நீங்க ஏன் இஞ்ச? கங்காணி ஊட்டுக்கு ஆள் அனுப்பியிரிக்கான், வயித்துக்குத்து எப்பிடி எண்டு கேட்டு. நான் இஞ்சித்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திரிக்கார் எண்டு சொல்லி விட்டன். இந்தாங்க நானா, பிரிச்சுப் பாருங்க.

— நல்லாத்தான் தைச்சிரிக்காய். ஆனா இது என்ன, மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையா? உப்பா?

— ஓம், கடல்ல போட்டது. எங்கட ஊர்ல வள்ளத்துப் பாய் தைச்சா உப்புத்தண்ணியில இழுத்துப் பாக்காமல் குடுக்கிறல்ல. காத்து ஏறேக்குள்ள தையல் விட்டா வள்ளம் போயிரும். உடுப்பெண்டாலும் அப்பிடித்தானே. சாயம் கழரல்ல. சிறகுத் துணி மட்டும் கழுத்தை இழுக்குது, அதுக்குப் பின்னால ரெண்டு வாய் வெட்டி விட்டிரிக்கன், தண்ணி போக.

— வா, நேரா விசயத்துக்கு வருவம். நேத்து இதைப் போட்டுக்கொண்டு பாஞ்சது ஒன்ட தம்பி சித்திரவேல்தானே?

— ஆரு சொன்ன?

— ஒன்ட புருசன்.

— அவன் நேத்து முழுக்கக் கன்னம் வீங்கி, தலகணியக் கடிச்சுக்கொண்டு கிடந்தவன். கக்கூசுக்குப் போகவே ஒரு ஆள் பிடிக்க வேணும். அவன் எப்பிடிப் பாயிற?

— சித்திரவேல் இல்லையோ? அப்ப ஆர் புஸ்பம்?

— பொறுங்கோ. இந்தக் கடைக்கு வெளியால நிண்டு நீங்க ரெண்டு பேரும் கதைச்சதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டுதான் வந்தன். நானா, அந்த ஆளை எனக்குத் தெரியும். பின்னேரம் ஜெட்டிக்குக் கூட்டித் தரலாம்.

— ஆரெண்டு கேக்கிறன் புஸ்பம்!

— பொறுங்கோ எண்டு சொன்ன. நானா, முதல்ல என்ட கதையக் கேளுங்க. அந்தத் தகரம் என்ட அம்மாட தலைக்கு மேல இரிக்கு, கடன் இவர்ர முதுகில இரிக்கு. அதை வெட்டுவீங்க எண்டு சொன்னது இப்பவும் சரிதானே?

— ஆள் வந்தாச் சரி.

— இவர் நங்கூரனாகத்தான் நடிப்பார். நீங்க நீட்டினது வாய் மெல்ல எண்டாலும் இவர் வாங்கினது சாமிக்கு முன்னால.

— சரி, சரி. ஆள் கிடைச்சா எனக்கு நங்கூரன்ல கை வைக்கத் தேவையே இல்ல.

— சிரிக்கிறதும் ஒருக்காத்தான். டைரக்டரிட்ட நீங்கதான் சொல்ல வேணும். ராவில இவர் அந்தக் கடைசிச் சிரிப்பைச் சிரிச்சுக் காட்டினவர். அடுப்பில கீரை கருகினது கூட எனக்குத் தெரியல்ல.

— அதையும் சொல்றன்டி தங்கச்சி. மறுகா?

— ஆள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. டைரக்டருக்கும்தான். வரும்போதே முகமூடியோட வரும், போகும்போதும் முகமூடியோட போகும். கதைக்காது. பேர் கேக்கப்படாது, சம்பளப் புத்தகத்தில எழுதப்படாது, படத்தில பேர் போடப்படாது.

— பேர் வேணாம் எண்டு சொல்ற நடிகனை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். வல்லாஹி, என்ட வாயால வராது. ஸெய்னுதீன் தான்தான் பாஞ்சது எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியட்டும், அவனுக்கும் சந்தோசம். இந்தா பாரு, கோடு. முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம், சிவப்பு மையால குறுக்க ஒரு கோடு. மறுகா அதுக்கு மேல இன்னொரு கோடு. தம்பிராசாட கடன் முடிஞ்சிது.

— நானா, கீழ "தீர்ந்தது" எண்டு எழுதி ஒரு ஒப்பமும் வையுங்க.

— என்னைவிட யாவாரி நீ. இந்தா, வெச்சாச்சு.

— புஸ்பம், கடன் கிடக்கட்டும். எங்கடை வீட்டிலை இருந்த உடுப்பை விடியப்பறத்திலை எந்த ஆம்பிளைக்குக் குடுத்தனீ? என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.

— உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கன்.

— சண்டையப் பிறகு பிடிங்கோ! தங்கச்சி, எனக்கு ஒரேயொரு பயம் மட்டும் இரிக்கி. இவனுக்கு நீந்தத் தெரியாதெண்டு இப்பத்தான் சொன்னான். அந்த ஆள் இவனை ஜெட்டியால தள்ளிப்போட்டு, மறுகா உசிரோட கரைக்குக் கொண்டு வருவானா? படம் எடுக்கப் போய் மையத்து எடுக்க என்னால ஏலாது.

— கொண்டு வருவன் நானா. நேத்துப் பாஞ்சது நான்தான். இவரைக் கரை சேர்க்கிறது எனக்கென்ன புதுசா?